டியூப் லைட்டில் பொருந்திய பச்சை

1986 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. புத்தளத்தில் எங்கள் வீடு அன்று பெயின்டில் கலக்கும் தின்னர் வாடையோடுதான் விடிந்தது; மூக்கின் உட்புறத்தை எரித்து, பிறகு நாக்கின் அடியில் ஒருவித இனிப்பாகத் தேங்கி, குடித்த தேத்தண்ணீரையும் குமட்ட வைத்த வாடை அது. மற்றபடி எல்லாம் எந்த ஞாயிறும் நடப்பதுபோலவே நடந்தன. வாப்பா விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வரும் வழியில் பேக்கரியில் பாண் வாங்கி வந்தார், உம்மா சம்பல் இடித்தார், என் மூத்த சகோதரியான ராத்தா கிணற்றில் இறைத்து வாளிகளை நிரப்பினாள், நான் குர்ஆன் மதரஸாவுக்குப் போய்த் திரும்பினேன், கேற்றுக்கு வெளியே தெருக் கழுதைகள் இரண்டு மதில் நிழலுக்காக ஒன்றையொன்று முண்டிக்கொண்டு நின்றன.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ராத்தாவுக்கு இருபத்திரண்டு. அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவளைப் பெண் பார்க்கக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வெங்காயத் தோட்டமும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். மாப்பிள்ளை ஒரே மகன். அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் ராத்தாவின் காதுக்குக் கீழே இருந்த தழும்பைக் கண்டு தட்டிப்போயிருந்தன. சின்ன வயதில் கொதிகஞ்சி தெறித்து, வெளிறிப்போன தோல், ஒரு பெருவிரல் அளவு. இந்த இடமும் தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். ராத்தாவும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். வருகிறவர்கள் அவளை மட்டும் பார்க்க வரவில்லை. சீதனமாகக் கேட்டிருந்த எங்கள் மொரிஸ் மைனர் காரையும் பார்க்க வந்தார்கள்.

அந்தக் காருக்கும் ஒரு காயம் இருந்தது. கழுதை ஒன்றுக்கு வழிவிடப் போய் வாப்பா இடப்பக்க "மட்காட்"டைக் கேற்றுத் தூணில் உரசியிருந்தார். எங்கள் ஊரின் உப்புக் காற்றில் வெறும் தகரம் ஒரு கிழமைகூடத் தாங்காது. கீறல் முழுவதும் துரு பூத்து, தொட்டால் விரலில் ஒட்டியது. வாப்பா அதைச் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, பட்டி இட்டு நிரப்பி, கடையில் கிடைத்த "போட் பெயின்ட்" டின்களை வாங்கி வந்தார். மீன்பிடி வள்ளங்களுக்குப் பூசும் எனாமல். காரின் நிறம் எந்தக் கடையிலும் இல்லை. பச்சையோடு சாம்பல் கலந்த, மழைக்கு முந்திய களப்புத் தண்ணீரின் நிறம் அது. வாப்பாவுக்கோ பச்சைக்கும் மண்ணிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே முதல்நாள் சனிக்கிழமை இரவு இஷா தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

கார் நின்ற கொட்டிலுக்கு வயர் இழுத்து ஒரு டியூப் லைட் கட்டியிருந்தது. பழைய மீன் டின்னில் வெள்ளையை ஊற்றி, பச்சையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஈர்க்கு நுனியால் கறுப்புத் தொட்டுக் கலக்கினார் வாப்பா. டிக்கியின் ரப்பருக்கு அடியில், வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருந்தது. அதோடு பொருத்தத்தான் அவர் நினைத்தார். வெயில் தின்ற மட்காட்டில் அந்தப் பச்சையைப் பூசினால் திட்டாகத் தெரியும் என்று நான் சொன்னேன். எனாமல் காய்ந்தால் கறுக்கும் என்பதால் ஒரு படி வெளிறலாகவே நிறுத்தச் சொன்னேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எந்த நிறத்தையும் பார்த்தவுடன் அதில் என்ன குறைகிறது என்று சொல்ல எனக்கு வரும்.

"பகல்ல ஒருக்காப் பார்ப்போமா வாப்பா?" என்று கேட்டேன்.

"அவங்க வாரது மஃரிபுக்குப் பொறகு. டியூப் லைட்ல பொருந்தினாக் காணும், பகல் வெளிச்சம் எதுக்கு?"

அப்போது உள்ளிருந்து மாமி கூப்பிட்டார். வாப்பாவின் தங்கை அவர். இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டு வந்தவரும் அவரே. உள்ளே போனபோது ராத்தா கதிரையில் கழுத்தைச் சரித்து உட்கார்ந்திருக்க, உம்மா மறுநாள் தழும்பை மறைக்க ஒரு சிறு பிரிச்சுத் தட்டில் முகப் பவுடரும் கிறீமும் குழைத்து, அதில் தேயிலைச் சாயம் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான் கலர்ல கெட்டிக்காரி. பாரு, இது சரியா?" என்றார் மாமி. "அசையாம இருடி, வழியுது."

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும்" என்று நான் சொன்னேன். என் விரல்களில் பச்சை எனாமல் காய்ந்திருந்தது. ராத்தா என் விரல்களைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெளியே வாப்பாவிடம் சற்று முன் பெயின்டுக்குக் குறை சொன்ன அதே குரலில் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிணற்றடிக்குப் போய், வாயில் சேர்ந்திருந்த தின்னர் வாடையையும் பவுடர் வாசத்தையும் துப்பிவிட்டு வந்தேன்.

ஞாயிறு மஃரிபுக்கு வரவேண்டியவர்கள் உச்சி வெயிலில் வந்து இறங்கினார்கள். இருட்டுமுன் திரும்பவேண்டுமாம். மாப்பிள்ளையின் வாப்பாவை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் அழைத்தார்கள். அவர் செருப்பைக் கழற்றி வீட்டுக்குள் ஏறவில்லை. நேரே காரிடம் போனார். வெளிச்சத்துக்கு நகர்த்தச் சொன்னார். வாப்பா காரைக் கொட்டிலிலிருந்து உருட்டி வெளியே நிறுத்தியதும் நான் கண்களை மூடிக்கொண்டேன். டியூப் லைட்டில் ஒன்றாக இருந்த இரண்டு பச்சைகளும் வெயிலில் பிரிந்து நின்றன. மட்காட்டில் பாசி படிந்தாற்போல ஒரு திட்டு.

ஹாஜியார் பெருவிரலை வாயில் வைத்து எச்சில் தொட்டு அந்தத் திட்டைத் தேய்த்தார். வெற்றிலை போடும் வாய். கடற்காற்றின் ஈரத்தில் எனாமல் இன்னும் இறுகியிருக்கவில்லை. விரல் ரேகை அப்படியே பதிந்தது. அவர் விரலை முகர்ந்தார்.

"தம்பி, இது நேத்துப் பூசினது போல இரிக்கே."

"சின்னக் கீறல் ஒண்டுதான், ஹாஜியார்" என்று வாப்பா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஹாஜியார் விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "நீங்களும் உள்ள போய் நல்லா வெளிச்சத்துல வெச்சுப் பாருங்கோ. இந்த வீட்டுல பூச்சு வேல கைதேர்ந்த வேல."

வந்தவர்கள் சிரித்தார்கள். மாமியும் சேர்ந்து சிரித்தார். அந்த அம்மா உள்ளே வந்து, ராத்தாவின் நாடியைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, முந்தானை நுனியால் காதுக்குக் கீழே துடைத்தார். முந்தானையில் மஞ்சளாய் ஒரு கறை வந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, "பரவாயில்ல, சின்னதுதான்" என்றார்.

பிறகு எல்லாரும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். இனிப்புக்கு வைத்த வட்டலப்பத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். மட்காட்டை மட்டும் பூசினால் போதாது, கார் முழுவதையும் புதிதாகப் பூசித் தரவேண்டும், அப்படியானால் சம்மதம் என்று ஹாஜியார் விரல்களை நக்கியபடி சொன்னார். நாளைக்கே சிலாபத்தில் கராஜுக்குக் கொண்டுபோவதாக வாப்பா வாக்குக் கொடுத்தார். உம்மா சந்தோஷத்தில் அழுதார். எனக்கு அந்த ஏப்பங்களும், நெய் மணமும், நக்கிய விரல்களும் ஒன்றாகச் சேர்ந்து, அன்று முழுவதும் ஒரு பிடி சோறு இறங்கவில்லை. அவர்கள் குறை கண்டுபிடித்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. குறை தீர்ந்துவிட்டது என்று எங்கள் வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மாலையில் ராத்தா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சவர்க்காரம் போட்டு மூன்றாம் முறையும் கழுவினாள். நான் பக்கத்தில் போய் நின்றதும், "எனக்கு என்ன கலர் அடிப்பாங்களாம்?" என்று கேட்டாள். நான் அடுத்த வாளியை இறைத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

இன்று அந்தக் கொட்டில் இல்லை. அந்த இடத்தில், அன்று சின்னப்பிள்ளையாக இருந்த என் தம்பியின் வீடு நிற்கிறது. போட் பெயின்ட் விற்ற கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். காரை வாப்பா பின்னாளில் விற்றார். கொழும்பில் யாரோ ஒருவர் அதைப் புதுப்பித்து மணப்பெண் ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம். இப்போது மெஷின் ஒன்றை வைத்தால் அதுவே நிறத்தைப் படித்து, துளி பிசகாமல் கலந்து கொடுத்துவிடுகிறது. என் கண் யாருக்கும் தேவையில்லை. சீதனம் கேட்கிற வாய் மட்டும் எங்கும் போகவில்லை. போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் சீதனமாகக் கேட்ட வேனின் படங்களை நாலா பக்கமும் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பெண்ணின் படங்களையும் அப்படியே. ராத்தா கனமூலையில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளோடு. அவளைக் கட்டியவர் உப்பளத்தில் கிளார்க்காக இருந்தவர், குறிஞ்சிப்பிட்டிக்காரர் இல்லை.

அந்தச் சம்பந்தம் மறுநாள் திங்கட்கிழமை காலையிலேயே முறிந்துவிட்டது. வாப்பா சுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பி, சிலாபம் போகக் காரின் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, ராத்தா காரின் முன்னால் குந்தியிருந்தாள். பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல், கையில் பழைய துணி. மட்காட்டின் பச்சை முழுவதும் துணிக்கு ஏறியிருந்தது. பட்டி வெள்ளையாகத் தெரிந்தது. முக்காடு தோளில் நழுவிக் கிடக்க, தழும்பு விடியல் வெளிச்சத்தில் பூச்சு எதுவும் இல்லாமல் இருந்தபடி இருந்தது.

"என்ன மகள் இது?" வாப்பாவின் குரல் உயரவில்லை. "அவங்களுக்கு நான் என்ன சொல்ற?"

"கலர் பொருந்தல்லெண்டு சொல்லுங்கோ, வாப்பா."

வாப்பா திறப்பைப் பிடித்தபடி நின்றார். ராத்தா எழுந்துபோய்க் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, பாண் வெட்ட உட்கார்ந்தாள்.