குழாயைத் திறந்தால் மங்கும் விளக்கு

மேல்விஷாரத்தில் போர்மேன் சாரின் வீட்டு வாசலில் நின்ற அந்த வேனை நினைத்தால், அதன் கூரையில் வரிசையாகப் பதித்திருந்த ஆறு சின்ன விளக்குகள்தான் முதலில் கண்முன் வருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

சார், ஆம்பூர் ஷூ கம்பெனியில் எங்கள் மெயின்டனன்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண் எலக்ட்ரீஷியன். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய முதல் நாளே, “இன்னாம்மா, ஷாக்குன்னா பயமா?” என்று கேட்டார். “பயம்தான் சார்” என்றேன். “அப்ப நல்லா வேலை செய்வே. பயம் இல்லாதவங்களாலதான் எனக்கு பேஜாரு” என்று டூல்ஸ் பையை என் கையில் கொடுத்தார். ஓய்வு பெற்றதும், ஆட்களை ஏற்றி இறக்கித் தேய்ந்துபோன ஒரு பழைய வேனை வாங்கி, அதற்குள் ஒரு வீட்டையே கட்டினார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பம்பு வைத்த சிங்க் எல்லாம் உண்டு. உட்புறத் தகரத்துக்கு அவரே மூன்று கோட் பெயிண்ட் அடித்தார். மனைவிக்குப் பிடித்த இளம்பச்சை.

எல்லாமே அந்த மனைவிக்காகத்தான். உருது பேசும் பிள்ளைகள் சித்தியை அழைப்பதுபோல நானும் அவரைக் ‘காலா’ என்றே கூப்பிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து ஊர் சுற்ற ஆசைப்பட்டவர். ஆனால் கிளம்பலாம் என்று நினைக்கிற அன்றைக்குத்தான் கம்பெனியில் ஏதாவது மெஷின் நிற்கும், சார் ஓடிவிடுவார். ஒரு வழியாக ஓய்வு வந்தபோது காலாவுக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. கரண்ட் போன நேரத்தில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதிலிருந்து, இருட்டென்றால் அவருக்கு நடுக்கம். “வண்டியில லைட்டு ஒழுங்கா எரிஞ்சாதான் வருவேன்” என்று சொல்லிவிட்டார். அந்த ஆறு விளக்குகளோ நினைத்தால் பளிச்சென்று எரியும், நினைத்தால் மங்கிக் கண் சிமிட்டும்.

“ரெண்டு வாரமா மண்டை காயுது. நீ ஒரு நடை வா” என்று சார் போன் செய்தார். எத்தனையோ பேருக்கு வேலை கற்றுத் தந்த மனிதரின் குரல் அப்படித் தொய்ந்து நான் கேட்டதே இல்லை.

விளக்குகளை மாற்றியிருந்தார். ஸ்விட்சை மாற்றியிருந்தார். பேட்டரிகூடப் புதிது. வெளிச்சம் ஏறி இறங்குவது தெரிய வேண்டுமென்று ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, புழுக்கத்தில் வேர்த்து வழிய மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். பேட்டரியில் குறையில்லை, ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஒயர்களை ஆட்டிப் பார்த்தால் விளக்குகள் அசையாமல் எரிந்தன. “நீ வந்ததும் எப்படி நல்ல புள்ளையாட்டம் எரியுது பாரு!” என்று சார் சலித்துக்கொண்டார்.

மதியம் காலா பிரியாணி கொண்டுவந்தார். வேனுக்குள்ளேயே சாப்பிட்டோம். தட்டுகளை அங்கேயே சிங்க்கில் கழுவ ஆரம்பித்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், “அதோ, மங்கிடுச்சு” என்றார்.

அண்ணாந்தேன். ஆறும் மங்கியிருந்தன.

“தண்ணி திறந்தா மங்கும். மூடினா சரியாய்டும்” என்றார் காலா.

“இதை ஏன் என்கிட்ட சொல்லலே?” என்றார் சார்.

“நாலு வாட்டி சொன்னேங்க. லைட்டுக்கும் தண்ணிக்கும் இன்னா சம்பந்தம்னு கேட்டீங்க.”

சம்பந்தம் இருந்தது. குழாயைத் திறந்தால் பம்பு ஓடும். வேனில் கரண்ட் பேட்டரிக்குத் திரும்புவது வண்டியின் உடம்பு வழியாகத்தான். பம்பின் எர்த் ஒயரையும் விளக்குகளின் எர்த் ஒயரையும் ஒரே ஸ்க்ரூவில் வண்டியின் உடம்போடு முடுக்கியிருந்தார் சார். அந்த இடத்தில் பிடிப்பு இல்லையென்றால், பம்பு ஓடும்போது விளக்குகளுக்குக் கரண்ட் சரியாகக் கிடைக்காது. சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்து ஸ்க்ரூவைக் கழற்றினேன். அடியில் இளம்பச்சைப் பெயிண்ட், மூன்று கோட். கரண்டைச் சரியாக விடாத அந்தப் பெயிண்ட் மேலேயே ஒயரை வைத்து முடுக்கிவிட்டிருந்தார். தகரம் பளபளக்கும்வரை சுரண்டி, மறுபடி இறுக்கினேன். காலா குழாயை முழுதாகத் திறந்தார். ஒரு விளக்குகூட அசையவில்லை.

சார் குனிந்து ஒரு பச்சைச் செதிலை எடுத்துப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். “கம்பெனி பூரா ‘எர்த்தை சுரண்டிப் போடுங்கடா’ன்னு கத்தினவன் நான். என் வண்டியில பெயிண்ட் மேல முடுக்கியிருக்கேன்!” மூவருமே கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

இன்று சார் பார்த்த வேலையை நான் பார்க்கிறேன். மெஷின் கோளாறு என்று கூப்பிட்டால், அதில் தைக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதெல்லாம் இப்படி ஆகிறது என்று கேட்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறேன். பாதி நாள் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அன்று காலா குழாயை மூடுவதும் திறப்பதுமாக, தொட்டியில் தண்ணீர் தீரும்வரை விளையாடினார். சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சுட்டு அமிர்தி அருவி வரைக்கும் போய்ட்டு வரலாமா?” என்று மெல்லக் கேட்டார்.

“அமிர்தி இங்கதானே இருக்குது? நான் கடல் பார்க்கணும்.”

“போலாம். எப்ப?”

“இப்ப.”

“இப்பவா? துணிமணி எடுக்க வேணாமா?”

காலா வீட்டுக்குள் போனார். போன வேகத்தில், பூட்டிய சூட்கேஸ் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வேன் படியில் வைத்தார்.

“இதை எப்ப கட்டினே?” என்றார் சார்.

“நீங்க வண்டி வாங்கின அன்னிக்கே.”