டோக்கன் எடுத்த கலா

எங்கள் ஊர் கிளினிக் ஒன்றுக்கு ஆன்லைன் டோக்கன் வெப்சைட் செய்து கொடுத்தோம். திறப்பதற்கு முந்தின நாள் அதை டெஸ்ட் செய்தது நான்தான். கலா, மாலா என்று வாய்க்கு வந்த பெயர்களில், மறுநாள் தேதிக்கு இருபது டோக்கன் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அவற்றை அழிக்கத்தான் மறந்துவிட்டேன். டெஸ்டர் என்று சம்பளம் வாங்குகிறவள் செய்கிற வேலையா இது?

காலையில் பெருமையாகப் போய் அங்கே உட்கார்ந்தேன். கவுன்ட்டரில், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வரேங்க."

"இன்னிக்கு டோக்கன் முடிஞ்சிடுச்சும்மா. நாளைக்கு வாங்க."

பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நர்ஸ் கூப்பிட்டார். "கலா! கலா யாருங்க?"

நேற்று நான் போட்ட டெஸ்ட் பெயர் அது. உட்காரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. மறுபடி கூப்பிட்டபோது எழுந்துவிட்டேன்.

"நான்தாங்க. எனக்கு அவசரமில்ல, அவங்கள அனுப்புங்க."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லாருக்கணும், கலாக்கா."

வெளியே ஓடிப்போய் மீதிப் பெயர்களை போனிலேயே அழித்தேன்.

இப்போதெல்லாம் டெஸ்ட் டோக்கனுக்கு என் சொந்தப் பெயரைத்தான் போடுகிறேன்.