சொல்தா வீட்டுப் பெரிய பெட்டி

பதினைந்து வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்தவன் தனிஸ்லாஸ். வில்லியனூர் பக்கம் எங்கள் ஊரில் அவனைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற சிப்பாய்க்கு இங்கே அதுதான் பேர். பிரெஞ்சில் அவனுக்குத் தெரிந்தது தன் கையெழுத்தும் நாலு கெட்ட வார்த்தையும். பேச்சைக் கேட்டால் பாரிசையே இவன்தான் கட்டினான் போலிருக்கும். தூ! குறைகுடம் கூத்தாடத்தானே செய்யும்.

1984இல் அவன் மகன் சூசைநாதன் பாரிசிலிருந்து ஒரு பாட்டு செட் அனுப்பினான். ரேடியோ, கேசட், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஒன்றாக. அதோடு இரண்டு சின்ன ஸ்பீக்கர், தும் தும் என்கிற பாஸ் சத்தத்துக்கென்று தனியாக ஒரு பெரிய பெட்டி. கூடவே தான் பேசிப் பதிந்த ஒரு கேசட்டும் இருந்தது. அது அம்மா மதலேனாளுக்கு. அவளுக்கு எழுத்து தெரியாது. மகன் கடுதாசியைப் புருஷன் படித்துச் சொன்னால்தான் உண்டு. நாலு வருஷம் கழித்து மகன் குரலைக் கேட்கப் போகிறோம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பாவம்.

நான் பலராமன். கல்யாணம், கருமாதி, தேர்த்திருவிழா எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுகிறவன். போய்ப் பார்த்துச் சொன்னேன்: செட்டிலிருந்து வயர் பெரிய பெட்டிக்கு, அதன் முதுகிலிருந்து சின்னது இரண்டுக்கும். இல்லையா, பெரியதை விட்டுவிட்டுச் சின்னதை நேரே செட்டில் மாட்டு. பேச்சு தெளிவாக வருவது சின்னதில்தான். பெரிசு இருக்கும்போது சின்னது எதற்கு, கொட்டாய் மைக்செட்காரனுக்குப் பாரிஸ் சாமான் என்ன தெரியும் என்று கேட்டான் அந்த மேதாவி. பிரெஞ்சில் இருந்த விளக்கத் தாளை அவன் தலைகீழாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய பெட்டியை மட்டும் மாட்டினான். சின்ன இரண்டையும் மாதா சுரூபத்துக்கு இருபுறமும் வைத்து, மேலே பிளாஸ்டிக் பூ வைத்தான்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே கூடியது. கேசட் ஓடியது. தும் தும் என்று தரை அதிர்ந்ததே தவிர ஒரு சொல் விளங்கவில்லை. பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. மதலேனாள் பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு, பிள்ளை என்ன சொல்கிறான் என்று தவித்தாள். வெளிநாட்டு சவுண்டு அப்படித்தான், பையன் நல்லா இருக்கானாம் என்று தனிஸ்லாஸ் அவளை அதட்டி அடக்கினான். மீசையில் மண் ஒட்டவில்லையாம்! அவன் மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த வாரம் பென்ஷன் வேலையாக அவன் புதுச்சேரிக்கு பஸ் ஏறியதும் அவள் என்னிடம் வந்தாள். அந்த வீட்டுக்குள் கால் வைக்க எனக்கு மனசில்லை. வாசலில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தேன். பெரிய பெட்டியிலிருந்த வயரை அவளே பிடுங்கி, சின்னதில் சிவப்புக்குச் சிவப்பு பார்த்து மாட்டினாள்.

பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் குரல் வந்தது.

"அம்மா, நீ இங்க வந்துடுன்னு ஒவ்வொரு கடுதாசிலயும் எழுதறேன். டிக்கெட் எடுக்கறேன்னும் சொன்னேன். நீ வரமாட்டேன்னு சொல்றதா அப்பாதான் எழுதறாரு. எம்மேல இன்னாம்மா கோவம்?"

அவள் அழவில்லை. எந்தப் பொத்தான் என்று என்னிடம் கேட்டு, நாடாவைத் திரும்பச் சுற்றி இன்னொரு தரம் கேட்டாள்.

சாயங்காலம் திரும்பிவந்த தனிஸ்லாஸ் காப்பி கேட்டான். இருபத்தாறு வருஷமாக 'நீங்க' போட்டுப் பேசியவள் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீயே போட்டுக்க. இனிமே தெனம் நீதான போட்டுக்கணும்."