கஸ்பாரின் மூன்றாவது கியர்

கஸ்பாரின் ஷெட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரைத்தான். தகரச் சுவர் முழுவதும் ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் இரண்டு பல்சக்கரங்கள், செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்டுத் தொங்கும். எந்தக் காரின் கியர் பாக்ஸைக் கழற்றினாலும், ஒன்றோடொன்று ஓடிய சக்கரங்களை அவர் பிரித்து வைத்ததில்லை. எந்தப் பல் எந்தப் பல்லோடு பொருந்தியிருந்ததோ, அங்கே இரண்டிலும் ஒரு புள்ளி குத்திவிடுவார். திரும்பப் பூட்டும்போது புள்ளியும் புள்ளியும் சந்தித்தாக வேண்டும்.

நாற்பதாயிரம் மைல் சேர்ந்து ஓடிய இரண்டு சக்கரங்களில், ஒன்று தேய்ந்த தேய்மானத்துக்கு ஏற்பத்தான் மற்றதும் தேய்ந்திருக்கும். ஒன்றை மட்டும் எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டினால் இரண்டும் ஒத்துப்போகாது. ஊளையிடும், சூடாகும், ஒருநாள் ஒரு பல் உடைந்து பெட்டிக்குள் விழும். விழுந்த பல் எங்காவது சிக்கினால் ஓடுகிற கார் நடுரோட்டில் இறுகி நின்றுவிடும். “மாத்துனா ரெண்டையும் மாத்து, இல்லாங்காட்டி ரெண்டையும் வுட்டுடு” என்பதுதான் ராயபுரம் டாக்ஸிக்காரர்கள் அவரிடம் அடிக்கடி கேட்ட பேச்சு. பக்கத்து ஷெட்டில் நசுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்த ரஹீம் அவருக்குக் கல்யாணத் தரகர் என்று பெயரே வைத்திருந்தார்.

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவரின் மகன் கஸ்பார். யுத்த காலத்தில், பதினேழு வயதில், ராணுவ லாரிகளின் கியர் பாக்ஸ்களில் கைவைத்தவர். சாலையில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். இரும்பின் மனம் தெரிந்த அந்த மனிதருக்குத் தன் ஒரே மகளின் மனம் மட்டும் புரியாமல் போயிற்று.

ஐரீனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தவசிமுத்து என்பவரை விரும்பினாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எண்ணூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தில் கட்டுமான வேலை. நல்ல மனிதர், கைச்சுத்தமானவர், கோயிலுக்குத் தவறாதவர். ஆனால் முதல் மனைவியை இழந்தவர். ஐரீனைவிடப் பதினான்கு வயது மூத்தவர். கஸ்பார் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

“தேஞ்ச பல்லோட புதுப் பல்ல நான் பூட்டமாட்டேன்.”

ஐரீன் அழவில்லை. எண்ணூர்க் கோயிலில் திருமணம் நடந்தது. அன்று காலை முழுவதும் கஸ்பார் ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். அந்தக் காரில் அன்று எந்த வேலையும் இல்லை என்பது ரஹீமுக்கு மட்டும் தெரியும். அதன்பின் ஒரு வருஷம் அந்த வீட்டில் மகளின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. மனைவி சிலுவையம்மாள் புதன்கிழமை தோறும் சகாயமாதா நவநாள் ஜெபத்துக்கு என்று கிளம்பிப் போய் மாலையில் திரும்புவாள். மகளுக்காகத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று கஸ்பார் எண்ணிக்கொண்டார். கேட்டதில்லை.

திருமணத்துக்கு அடுத்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. அந்த வருஷம் தாமோதரனின் அம்பாசடர் டாக்ஸி கஸ்பாரின் ஷெட்டுக்கு வந்தது. மூன்றாவது கியரின் சக்கரத்தில் இரண்டு பற்கள் நுனி உடைந்திருந்தன. தாமோதரன் அலைந்து திரிந்து புதிய சக்கரம் ஒன்றைப் பிடித்துவிட்டான். அதோடு சேர்ந்து ஓட வேண்டிய கீழ்ச் சக்கரத் தொகுப்பு ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு மாதமாகும் என்றார்கள். கஸ்பார் இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்.

தாமோதரன் கெஞ்சினான், திட்டினான், போய்விட்டான். மறுநாள் அவன் மனைவி கன்னியம்மா வந்தாள். கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த டாக்ஸியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள். மதியம் இறங்கிப் போனாள். அடுத்த நாளும் வந்தாள்; அன்று அவரைக்காய். மூன்றாம் நாள் கஸ்பார் பொறுக்கமாட்டாமல், ஏன் இங்கே வந்து உட்காருகிறாய் என்று கேட்டார்.

“இன்னா பண்றது நைனா? ஓடாத வண்டில நானாவது சவாரி போறேன். நீ உன் வேலையப் பாரு.”

ரஹீம் தன் ஷெட்டிலிருந்து சிரித்த சிரிப்பில் சுத்தியல் கைநழுவி விழுந்தது. கஸ்பார் அன்று மாலை இறங்கி வந்தார். தன் வாழ்நாளில் முதல் முறையாகப் புதியதையும் பழையதையும் ஒரே பெட்டிக்குள் பூட்டச் சம்மதித்தார்.

சும்மா பூட்டிவிடவில்லை. பழைய பற்களின் ஓரத்தில் தேய்மானம் விட்டுவைத்திருந்த விளிம்பை எண்ணெய்க் கல்லால் இழைத்தார். பற்கள் எங்கே தொடுகின்றன என்று அறிய, புதிய பற்களில் நீலக் குழம்பைத் தடவிச் சுற்றிப் பார்த்தார். பழைய பல்லில் நீலம் பதிந்த இடம் ஒரு கீற்று மட்டுமே. மறுபடி இழைத்தார். இரண்டு நாள் இழைத்த பிறகு கீற்று கால் பல் அளவுக்கு அகன்றது. அதற்கு மேல் மனிதக் கையால் ஆகாது. பெட்டியை மூடி, கெட்டியான எண்ணெய் ஊற்றி, ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது கியரில் கார் ஊளையிட்டது. அந்தச் சத்தம் அவர் நெஞ்சை அறுத்தது.

தாமோதரனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நாலாவதான டாப் கியரில் போனால் அந்தச் சக்கரங்கள் பாரமில்லாமல் சும்மா சுற்றும், பயமில்லை. மூன்றாவதில் மட்டும் நீண்ட நேரம் இழுக்கக் கூடாது. இழுத்தால் பல்லுக்கு உத்தரவாதமில்லை.

ஐந்தாம் நாள், ஒரு புதன்கிழமை மதியம். எதிரே இருந்த பெட்ரோல் பங்கிலிருந்து ஆள் ஓடி வந்தான். எண்ணூரிலிருந்து போன் வந்ததாம். ஐரீனுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். சவாரி இறக்கிவிட்டு நின்ற ஒரு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

“உங்க தாமோதரன் வண்டிதானாம். போன் பண்ணவரே சொன்னாரு.”

கஸ்பார் ஸ்பானரை எறிந்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

எண்ணூரிலிருந்து ஒன்பது மைல். குண்டும் குழியுமான சாலை, லாரிகள், மாட்டு வண்டிகள். வலியில் துடிக்கிறவளை வைத்துக்கொண்டு வேகமாக ஓட்ட முடியாது. மெதுவாகப் போனால் டாப் கியர் இழுக்காது, குலுக்கும். ஒன்பது மைலும் மூன்றாவது கியரில்தான் வர வேண்டும். அவர் போகாதே என்று சொன்ன அதே கியரில், அவர் பூட்டிய அதே பற்களின் மேல், அவர் மகள் வந்துகொண்டிருந்தாள்.

ஷெட்டில் நின்ற இரண்டு கார்களின் கியர் பாக்ஸ்களும் தரையில் பிரிந்து கிடந்தன. கஸ்பார் சாலையில் இறங்கி வடக்கே ஓட ஆரம்பித்தார். ஐம்பது அடி போவதற்குள் ரஹீம் சைக்கிளில் வந்து மறித்தார்.

“ஏறுய்யா தரகரே. ஓடிக் கீழ வுயுந்தீனா உன்ன யாரு தூக்கறது?”

கேரியரில் கஸ்பார் உட்கார, கல்மண்டபம் தாண்டித் தண்டையார்பேட்டைப் பக்கம் சைக்கிள் போயிற்று. எதிரே வந்த ஒவ்வொரு காரையும் கஸ்பார் கண்ணால் பார்க்கவில்லை, காதால் பார்த்தார். அந்தச் சத்தமில்லாமல் வந்த வண்டியெல்லாம் அவரைக் கொன்றது. ‘மாதாவே, அந்த ஊளை கேட்கட்டும்’ என்று வேண்டினார். டக் டக்கென்று கேட்டால் பல் போய்விட்டது. ஒன்றுமே கேட்காவிட்டால் எங்கோ வழியில் நின்றுவிட்டது. ஐந்து நாள் முன்பு தன் நெஞ்சை அறுத்த சத்தம் எதுவோ, அதற்காக அந்த மனிதர் நடுச்சாலையில் கண்ணீர் விட்டார்.

கேட்டது. லாரிகளின் இரைச்சலுக்கு மேலே மெல்லிய ஊளை, கம்பி இழுத்தாற்போல், அறாமல்.

டாக்ஸி அவர் பக்கத்தில் வந்து தயங்கியது. முன் கதவு திறந்தது. ஒரு வருஷமாகப் பார்க்காத முகம், சட்டையெல்லாம் வியர்வை.

“ஏறுங்க மாமா” என்றார் தவசிமுத்து.

கஸ்பார் ஏறினார். பின்னால் ஐரீன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் தலையை மடியில் தாங்கியிருந்தவள் சிலுவையம்மாள். கஸ்பார் திகைத்துப் போனார்.

“நவநாளுக்குப் போறேன்னு சொன்ன?”

“இவ வூட்டுலதான் ஒரு வருஷமா நவநாள் நடந்துகினு கீது. நீ ரோட்டப் பாருய்யா.”

தந்தையின் குரல் கேட்டு ஐரீன் கண்ணைத் திறந்தாள். “அப்பா, இந்த வண்டி ஏம்பா இப்பிடி அழுவுது?” என்றாள். கஸ்பார் செருப்பைக் கழற்றிவிட்டு, கியர் பாக்ஸின் மேலிருந்த தகட்டில் வெறுங்காலை வைத்தார். பாதத்தின் வழியே பற்களைக் கேட்டார். சூடு இருந்தது. நடுக்கம் இருந்தது. ஆனால் ஒரே சீராக இருந்தது.

சாலை கொஞ்சம் காலியாகவும் தாமோதரன் பதறிப்போய், டாப்புக்கு மாற்றி விரட்டட்டுமா என்று கேட்டான்.

“மாத்தாத. வெரட்டுனா புள்ள குலுங்கும். பல்லு தாங்குது. மூணாவதுலயே போ.”

இதைச் சொன்னபோது கஸ்பாரின் கை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகனின் முழங்காலை இறுகப் பற்றியிருந்தது. அவருக்கே அது தெரியாது. தவசிமுத்து அசையாமல் இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. கதவுகள் மூடின. ஒன்றரை மணி நேரம் நான்கு பேரும் வராந்தாவில் நின்றார்கள். வெளியே வந்த நர்ஸ், ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, பெண் குழந்தை, தாயும் நலம் என்றாள். பிறகு கஸ்பாரின் கைகளைப் பார்த்து முகத்தைச் சுளித்து, கிரீஸைக் கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது என்று எச்சரித்தாள்.

கஸ்பார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷம் அடைத்து வைத்தது எல்லாம் வெளியே வந்தது. அந்தக் கைகளாலேயே கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பாயிற்று. அதைப் பார்த்துச் சிலுவையம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தவசிமுத்து தன் துண்டை நனைத்து வந்து நீட்டினார்.

“மாமா, தொடைச்சிக்கிடுங்க. புள்ள பயந்துரும்.”

துண்டை வாங்கிக்கொண்ட கஸ்பார், அவரைத் தன் பக்கத்தில் தரையில் உட்காரச் சொன்னார். தவசிமுத்து உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கீழ்ச் சக்கரத் தொகுப்பு வந்துவிட்டதென்று தாமோதரன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். கஸ்பார் பெட்டியைத் திறந்து, நீலக் குழம்பு தடவிச் சுற்றிப் பார்த்தார். கால் பல் அளவுக்கு இருந்த கீற்று முக்கால் பல் வரை படர்ந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சக்கரங்கள் பொருந்தியிருந்த இடத்தில் இரண்டிலும் ஒரு புள்ளி குத்தி, இருந்தபடியே மூடினார். வாங்கி வந்ததைப் பத்திரமாக வைத்துக்கொள், இப்போது தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகும் வேறு எவருக்கும் அவர் அப்படிப் பூட்டிக் கொடுத்ததில்லை. கேட்டவர்களை விரட்டினார். தாமோதரனுக்கு மட்டும் ஏன் செய்தாய் என்று சண்டை பிடித்தவர்களுக்கு, கன்னியம்மா மாதிரி ஒருத்தியை முறத்தோடு அனுப்பி வை என்று ரஹீம் பதில் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் எண்ணூரிலிருந்து மகளும் மருமகனும் பேத்தியும் தாமோதரனின் டாக்ஸியில் வருவார்கள். ஊளை வெகுவாகக் குறைந்துவிட்டது; மற்றவர்களுக்குக் கேட்பதே இல்லை. கஸ்பாருக்கு அது வண்டி கல்மண்டபத்தில் வரும்போதே கேட்டுவிடும். எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டு, வாசலில் வந்து நிற்பார்.