தார்லீன் நடத்திய வீடு

காலைக் காபி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது. வீட்டின் சொந்தக்காரர் சமையலறைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மளிகைக் கடைக்கு வெளியே நின்ற காருக்குள் தார்லீன் இறந்துகிடந்தாள் என்றார். எதனால் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. குடியையும் ஊசியையும் விட்டவர்கள் ஒன்றாகத் தங்கும் வீடு இது. அந்தக் கேள்விக்கு இங்கே பெரும்பாலும் ஒரே பதில்தான். போதை மிஞ்சி மூச்சு நின்றவர் மூக்கில் அடிக்கும் மருந்து ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. அதை எப்படி அடிப்பது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

தார்லீன் தீபோ இந்த வூஸ்டர் நகரத்திலேயே பிறந்தவள். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். முதுகுவலிக்குக் கொடுத்த மாத்திரையில் தொடங்கி ஹெராயினில் விழுந்து, எழுந்தவள். பத்து வருஷத்துக்கு மேலாக எதையும் தொடவில்லை என்பதால்தான் இந்த மூன்றடுக்கு மர வீட்டையும் எங்கள் எட்டுப் பேரையும் வீட்டுக்காரர் அவளிடம் ஒப்படைத்திருந்தார். நான் வந்த அன்று என் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். வாய் கொப்பளிக்கிற மருந்துப் புட்டி ஒன்று உருண்டது.

"இது வாய்க்கா, வயித்துக்கா?"

"வாய்க்குத்தான்."

"காலேஜ் படிச்சவதானே, லேபிளைப் படிக்க மாட்டியா? கால்வாசி சாராயம்டி இது."

புட்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். மக்ரோனியும் கொத்துக்கறியும் தக்காளியும் போட்டு அவள் கிளறியது சட்டியில் மிச்சமிருந்தது. என் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்த காலம் அது.

மாதம் ஒருமுறை எல்லோருடைய சிறுநீரும் சோதனைக்கூடத்துக்குப் போகும். தார்லீனுடையதும் சேர்த்துத்தான், வீட்டுக்காரரின் விதி அது. கப்புகளை வாங்கி, பெயரெழுதி ஒட்டி அனுப்புவது அவள் பொறுப்பு. பிப்ரவரியில் கெய்ட்லினின் கப்பில் போதை இருப்பதாக முடிவு வந்தது.

கெய்ட்லின் எங்களில் இளையவள். அவள் மகன் ஓவன் மாமியாரிடம் வளர்கிறான். இந்த வீட்டில் ஒழுங்காக இருக்கும்வரை சனிக்கிழமைகளில் அவனைப் பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவள் மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"நான் எதையும் தொடல. என் பிள்ளை மேல சத்தியம். இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க."

வேறு எந்த வீட்டிலும் ஒருத்தியாவது நம்பியிருப்பாள். எங்களில் ஒவ்வொருத்தியும் அதே வாக்கியத்தை, அதே சத்தியத்தோடு, தாயிடமும் நீதிபதியிடமும் சொன்னவள்தான். சொன்னபோதெல்லாம் அது பொய். அதனால் அந்தக் குரலை எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டோம். ஒருத்தி சிரிக்கக்கூடச் செய்தாள்.

"கண்ணு, நானும் இப்படித்தான் அழுதேன்," என்றாள் தார்லீன். "போய்ப் பையைக் கட்டு."

வெளியே பனி கொட்டியது. தார்லீனே அவளைக் காரில் கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வந்தாள். அதன்பின் கெய்ட்லினுக்குச் சனிக்கிழமை இல்லாமல் போனது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, தார்லீனின் அக்கா ஜினெட் துணிமணிகளை எடுக்க வந்தார். நான் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு? கெய்ட்லின்."

"ஃபிட்ச்பர்க்ல, அவ சித்தி வீட்ல. ஏன் கேக்கறீங்க?"

"அவ கப்பு சுத்தமாத்தான் இருந்துச்சாம்." ஒரு கம்பளிச் சட்டைக்குப் பித்தான் போட்டபடியே பேசினார். "எம் தங்கச்சி கிறிஸ்துமஸ்லயே மறுபடி ஆரம்பிச்சுட்டா. ரெண்டு கப்புலயும் பேரை மாத்தி ஒட்டிட்டா. ஈஸ்டர் அன்னிக்கு எங்கிட்ட சொல்லி அழுதா."

"அன்னிக்கே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவளையும் வெளிய அனுப்பியிருப்பாங்க. அவளுக்குப் போக்கிடம் ஏது?"

கெய்ட்லினுக்கு மட்டும் இருந்ததா என்று கேட்க நினைத்தேன். செத்தவளின் துணியை மடித்துக்கொண்டு எப்படிக் கேட்பது.

அடக்கத்தன்று தார்லீனுக்காக அழுதேன். இப்போதும் அழுகை வருகிறது. ஆத்திரமும் சேர்ந்தே வருகிறது. யார் பெயரை ஒட்டலாம் என்று அவள் எங்கள் எட்டுப் பேரையும் மனதுக்குள் வரிசையாகப் பார்த்திருப்பாள். என்னையும் பார்த்திருப்பாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிறகு கெய்ட்லினைப் போனில் கூப்பிட்டேன்.

"நீ அன்னிக்குப் பொய் சொல்லல."

"எனக்குத் தெரியுமே," என்றாள்.

நடந்ததைச் சொன்னேன்.

"பஸ் ஸ்டாண்டுல தன் கையுறையைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டா," என்றாள். "பாவம், மனசு கேக்காமத்தான் அனுப்புறா போலன்னு நெனச்சேன்."

"வீட்டுக்காரர் உன்னைத் திரும்ப வரச் சொல்றார். கோர்ட்டுக்கும் எழுதித் தர்றாராம்."

"வரேன். ஓவனுக்காக வரேன். ஆனா என் கப்பை நானே எடுத்துட்டுப் போவேன். உங்க யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

சரி என்றேன்.

கெய்ட்லினின் அறையில் பிப்ரவரிக்குப் பிறகு தார்லீன் யாரையும் தங்கவைக்கவில்லை. கேட்டவர்களிடம், பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு மட்டும் வெளிர்நீலம் அடித்து வைத்திருந்தாள். மற்ற மூன்றும் பழைய மஞ்சளில்தான் இருக்கின்றன.