சந்திரமதி வாங்கிய பத்தொன்பது

மாசாயில் எங்கள் அடுக்குமாடியில் சந்திரமதியின் குரல் தெரியாதவர் கிடையாது. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை பார்த்து, கடைசியில் லைன் லீடராக இருந்தவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. ஒருநாள் தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. தொண்டை மட்டும் மாசாயிலேயே தங்கிவிட்டது. கணவர் தங்கராஜுவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். பிள்ளைகள் கோலாலம்பூரில். வீட்டில் அதட்ட ஆள் இல்லாததால், சந்திரமதி மாடிப்படியில் நின்று, குப்பையைக் கண்ட இடத்தில் போடுகிறவர்களையும் மோட்டாரைக் குறுக்கே நிறுத்துகிறவர்களையும் கவனித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் 'நலமான அண்டைவீடு' என்ற திட்டம் எங்கள் பக்கம் வந்தது. ஜொகூர் பாருவில் இருந்த ஒரு சங்கம் அதை நடத்தியது. அக்கம்பக்கத்து மக்களுக்கு இனிப்பு நீர் என்ற சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் பற்றியெல்லாம் எடுத்துச் சொல்ல அங்கேயே குடியிருக்கும் ஒருவர் தொண்டராக வேண்டும் என்றார்கள். சங்கத்தின் ஒருங்கிணைப்பாளர் ஷர்மினி, மூச்சு வாங்க ஓடிக்கொண்டே இருக்கும் இளம்பெண், கீழ்த்தளத்தில் நின்று கேட்டாள்.

"இங்க எல்லா வீட்டுக்கும் பழக்கமானவங்க, நல்லா பேசுறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் மூன்றாவது மாடியைக் கையால் காட்டினோம்.

ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. சீனி உடம்பை என்ன பாடு படுத்தும் என்று ஒரு டாக்டர் திரையில் படம் போட்டு விளக்கினார். அழுகிய கால்விரல், மங்கிய கண், பழுதான சிறுநீரகம். படம் முடிந்ததும் தேநீர் இடைவேளை. கேக், கறிபாப், ரோஸ் சிரப், மூன்று வகைக் கூவே பலகாரம். சந்திரமதி பாடத்தையும் பலகாரத்தையும் ஒரே சிரத்தையோடு எடுத்துக்கொண்டார். இனிப்பு நீரின் அறிகுறிகளை மனப்பாடமாகச் சொல்லிச் சான்றிதழும் வாங்கினார்: அடிக்கடி தாகம், அசதி, கண் மங்கல், ஆறாத புண்.

திட்டத்துக்கு எதிலும் குறைவில்லை. டீ-சட்டை கொடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், சங்கத்தின் பெயர் போட்ட குடையும் தோள்பையும் கொடுத்தார்கள். கழுத்தில் மாட்ட, படம் ஒட்டிய அட்டை ஒன்று. அதோடு, விரலில் குத்தி ரத்தத்தில் சீனி பார்க்கும் சிறிய மெஷின். மெஷினுக்குள் செருக வேண்டிய பட்டைகள் மட்டும் வரவில்லை.

"அடுத்த மாசம் கண்டிப்பா வந்திடும்கா," என்றாள் ஷர்மினி. "மேல கேட்டிருக்கேன்."

அடுத்த மாதம் இரண்டாவது டீ-சட்டை வந்தது.

சந்திரமதி சளைக்கவில்லை. வீடு வீடாகப் போய் மெஷினை மேசை நடுவில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பட்டை இல்லாத மெஷின் என்று யாருக்குத் தெரியும்? சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி எல்லாரும் அடக்கமாக உட்கார்ந்தோம். சோற்றைக் குறை, நட, கிளினிக்குக்குப் போ, மறைக்காதே என்று குரல் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. ஒரு வீட்டில் பேசினாலே பாதி மாடிக்குப் போதும். ஆனால் அறிக்கையில் எத்தனை வீடு என்றுதான் கேட்டார்கள். யாருக்குச் சீனி குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. போன வீட்டின் முன்னால் குடையோடு நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.

வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் எப்படி அனுப்புவது? ஒரு வீட்டில் மைலோ, அடுத்த வீட்டில் ரோஸ் சிரப்பில் பால் கலந்த பண்டோங். கீழ்த்தளத்துக் கிருஷ்ணம்மா டின் பால் ஊற்றிய தேநீரை எழுத்தாணி கொண்டு கீறலாம் என்ற பதத்தில் கலக்குவார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டால் அடுத்த தடவை கதவு திறக்காது. ஆகையால் சந்திரமதி கையில் தே குவளையோடு, "சீனியைக் கொறைங்கக்கா, சொன்னா கேளுங்க," என்று அதட்டுவார்.

வாயில் பலகாரம் இருக்கும்போது அவரால் பேச முடியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் இரண்டாம் மாடி வீரமுத்து. ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், "குளிருதும்மா," என்பார். மாசாயில், பகல் இரண்டு மணிக்கு. சந்திரமதி அடுத்த கேள்வி கேட்பதற்குள் ஒரு தட்டுக் கேசரி வந்துவிடும். அவர் மென்று முடிப்பதற்குள் பேச்சு மழை, காற்பந்து, சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசல் என்று எங்கோ போயிருக்கும். இந்த உபாயம் எங்கள் அடுக்குமாடி முழுக்கப் பரவியது. திட்டத்தில் எங்கள் ஆட்கள் முழு மனதோடு கடைப்பிடித்த ஒரே பாடம் அதுதான்.

வருட முடிவில் சந்திரமதிதான் அதிக வீடுகள் பார்த்த தொண்டர் என்று அறிவித்தார்கள். அவர் படத்தைப் பெரிய பதாகையாக அச்சடித்து நுழைவாயிலில் கட்டினார்கள். உண்மையில் அப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. எந்நேரமும் தாகம். பெரிய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு படியேறினார். பேசிப் பேசித் தொண்டை வறண்டு போகிறது என்றார். படியேறினால் அசதி, அது வயசு. கண் மங்கியது, கண்ணாடியை மாற்றினார். யாராவது தாகம், அசதி என்று சொன்னால் மட்டும், "உடனே கிளினிக்கு போங்க, அது இனிப்பு நீரு," என்று அதட்டினார்.

பட்டைகள் கடைசியில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகரின் வருகையோடு வந்தன. மண்டபத்தில் கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி, நிருபர்கள். டத்தோ முன்னிலையில் ஒருவருக்குச் சீனி பார்த்துக் காட்ட வேண்டும். கிருஷ்ணம்மாவுக்கு அப்போதுதான் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. வீரமுத்து மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். மற்றவர்கள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டோம்.

"அக்கா, நீங்களே காட்டிடுங்க," என்று ஷர்மினி கெஞ்சினாள். "ஒரு படம் எடுத்தா போதும்."

சந்திரமதி சிரித்தபடி விரலை நீட்டினார். மருத்துவ உதவியாளர் குத்தினார். மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது.

"பத்தொன்பது புள்ளி நாலு," என்று உதவியாளர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்துவிட்டார். ஏழுக்குள் இருக்க வேண்டிய எண்.

டத்தோவுக்கு அது மதிப்பெண் மாதிரி தோன்றியிருக்க வேண்டும். "தஹ்னியா," என்று பாராட்டிக் கைதட்டினார். அவர் தட்டியதால் முன்வரிசையும் தட்டியது. கேமராக்கள் மின்னின. பின்வரிசையில் இருந்த எங்களுக்கு மட்டும் அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே சந்திரமதிதான்.

"மெஷின் கோளாறு," என்றார் அவர். இன்னொரு பட்டையில் பார்த்தார்கள். எண் கொஞ்சம் ஏறியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஷர்மினி போன் செய்தாள். அவள் குரலே சரியில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தொண்டருங்க மத்தவங்களுக்கு முன்மாதிரியா இருக்கணும்னு மேல சொல்றாங்க. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

"எனக்கு மருந்துக்கு ஏதாச்சும் ஏற்பாடு இருக்கா?"

"அதுக்குத் திட்டத்துல இடம் இல்லக்கா. டீ-சட்டையை நீங்களே வச்சுக்கலாம். அந்த அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க."

சந்திரமதி கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் நல்லவர்கள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு வாரம் நன்றாகச் சிரித்தோம். காப்பிக் கடையில் யாராவது தேயில் போடச் சீனி கேட்டால், "பத்தொன்பது ஆகணுமா?" என்று கேட்டுச் சிரித்தோம். அதன் பிறகு அடுக்குமாடி என்னவோ போல் ஆகிவிட்டது. குப்பை படிக்கட்டில் கிடந்தது. மோட்டார்கள் குறுக்கே நின்றன. கேட்க ஆள் இல்லை.

முதலில் போனவர் கிருஷ்ணம்மா. இரண்டு குவளை தே எடுத்துப் போய்க் கதவைத் தட்டினார். சந்திரமதி கண் வீங்கிப்போய் நின்றார்.

"எனக்கு வேணாங்கா. இனிமே நான் அதெல்லாம் குடிக்கக் கூடாது."

"கொசோங்தான். சீனி போடல. குடி."

இருவரும் கசந்த முகத்தோடு குடித்தார்கள். பிறகு கிருஷ்ணம்மா குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் இருக்கு சந்திரா. ரெண்டு வருசமா."

"என்கிட்ட ஏங்கா சொல்லல? எத்தன தடவ வந்தேன்?"

"சொன்னா நீ கத்துவ. நாலு மாடிக்கும் கேக்கும். இப்ப உனக்கே இருக்கு. நீ யாரப் பாத்துக் கத்துவ?"

சந்திரமதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுநாள் இருவரும் சேர்ந்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார்கள். அடுத்த தடவை மேல்மாடியிலிருந்து இன்னொருவர் சேர்ந்துகொண்டார். ஒருவருக்குத் தெரிந்து, அவர் இன்னொருவரிடம் காதோடு காதாகச் சொல்லி, யார் யாருக்கோ இருந்த ரகசியங்கள் கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்தன. அதட்டி வராதவர்கள் இப்போது துணைக்கு ஆள் இருக்கிறது என்று வந்தார்கள். சந்திரமதிக்கென்று வீடுகளில் சீனி இல்லாத தே தனியாகப் போட வேண்டியிருந்தது. இரண்டு தடவை போடச் சோம்பல்பட்டுப் பல வீடுகளில் எல்லாரும் அதையே குடிக்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் வீரமுத்து தானாகவே சந்திரமதியின் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். சின்ன விரல் கறுத்திருந்தது. வாடை அடித்தது.

சந்திரமதி வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று தெரிந்து வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை.

"வலிக்குதாண்ணே?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"வலிச்சா முன்னாடியே வந்திருப்பேன்ல. வலிக்கல. அதான் பயமா இருக்கு."

அன்றே கிளினிக், அங்கிருந்து ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரி. விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் டாக்டர். வார்டில் வீரமுத்துவின் மனைவி சந்திரமதியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கொஞ்ச காலத்தில் கிளினிக்கில் ஒருவர் விசாரித்திருக்கிறார்: ஒரே அடுக்குமாடியிலிருந்து இத்தனை பேர் ஒழுங்காக மருந்துக்கு வருகிறார்களே, எப்படி? செய்தி சங்கத்துக்குப் போயிற்று. திட்டத்தின் பலனை ஆராயக் கோலாலம்பூரிலிருந்து இருவர் மடிக்கணினியோடு வந்தார்கள். கிருஷ்ணம்மாவைத்தான் முதலில் பிடித்தார்கள்.

"உங்க பழக்கத்தை மாத்துனது எது? பயிற்சிக் கையேடா, பதாகையா, வீட்டுக்கு வந்து பேசுனதா?"

"சந்திராவுக்கு இனிப்பு நீரு வந்துச்சுல்ல," என்றார் கிருஷ்ணம்மா. "அதான்."

இருவரும் கணினியைப் பார்த்தார்கள். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. கொஞ்ச நேரம் கலந்து பேசி, 'பதாகை' என்று குறித்துக்கொண்டார்கள்.

அறிக்கை நன்றாக வந்தது. திட்டம் கெலாங் பாத்தாவுக்கும் விரிந்தது, நிறையப் பதாகைகளோடு. எங்களுக்குப் புதுத் தொண்டராக ஹேமநாதனைப் போட்டார்கள். ஓட்டப் பந்தயம் ஓடுகிறவர், வயிறு பலகை மாதிரி இருக்கும், நல்ல பிள்ளை. கதவைத் திறந்து உட்கார வைத்து, டின் பால் தே கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஷர்மினி மட்டும் ஒருநாள் தானாக வந்தாள். வேறு வேலைக்குப் போகப் போகிறாளாம். ஒரு பெட்டி பட்டைகளைச் சந்திரமதியின் மேசையில் வைத்தாள்.

"மேல இருந்து வந்துச்சா?" என்று சந்திரமதி கேட்டார்.

"இல்லக்கா. கடையில வாங்குனேன்."

சந்திரமதி அவளுக்குச் சாப்பாடு போட்டார். சோறு கொஞ்சமாக, கீரை நிறைய.

இப்போது சந்திரமதிக்கு எண் ஒன்பதுக்குக் கீழே வந்திருக்கிறது. குரலும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இனிப்பு விஷயத்தில் அவர் யாரையும் அதட்டுவதில்லை. அந்த வேலையை வீரமுத்து எடுத்துக்கொண்டார். எந்தக் கல்யாணமானாலும் திருவிழாவானாலும் பலகார மேசைக்குப் பக்கத்தில்தான் அவருக்கு நாற்காலி. போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில் நான் இரண்டாவது ஜிலேபியை எடுக்கப் போனேன். வீரமுத்து குனிந்து, மெதுவாகச் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வேணாண்ணே," என்றேன். "வச்சிடறேன்."