ஓர் அறைச் சாமானை இரவல் கொடுத்தது

வீட்டுக் கழிவைக் குறைப்பது எப்படி என்று எங்கள் சனசமூக நிலையத்தில் முக்கால் மணி நேரம் பேசியவன் நான். பேசி முடித்ததும் மேசையில் கிடந்த வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள் ஏழையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். எதற்கென்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. வீட்டில் ஏற்கெனவே ஓர் அறை முழுக்க அப்படியான பொருள்கள்தான். அதன் கதவு பாதிக்கு மேல் திறக்காது. அந்தப் பாதிக்குள்ளால் பக்கவாட்டாக நுழைந்து, போத்தல்களை வைத்துவிட்டு, சுற்றுச்சூழலுக்கு ஏதோ செய்துவிட்ட நிறைவோடு வெளியே வந்தேன்.

வெளியே மனைவி நின்றாள். அவளும் கூட்டத்துக்கு வந்திருந்தவள்.

"இஞ்சேருங்கோ, அங்க சொன்னதில காவாசியை இஞ்ச செய்தாலே காணும். பிள்ளை பெத்துக்கொண்டு வாறவள் எங்க படுக்கிறது?"

மகள் வவுனியாவில் கலியாணம் கட்டியிருக்கிறாள். முதல் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு நேரே எங்களிடம் வருவதாக ஏற்பாடு. அதற்கு மூன்று கிழமை இருந்தது. எங்களுடையது உருத்திரபுரத்தில் இரண்டு அறை கொண்ட வீட்டுத்திட்ட வீடு. ஒன்றில் நாங்கள் படுக்கிறோம். மற்றது என் கொள்கைக்கு ஒதுக்கப்பட்டது. எறியாதே, பயன்படுத்து என்பது கொள்கை. எறியாமல் விட்டேன். பயன்படுத்தத்தான் நேரம் கிடைக்கவில்லை.

உள்ளே என்னென்ன இருந்தன என்று முழுவதும் சொன்னால் என்மேல் மிச்சமிருக்கும் மரியாதையும் போய்விடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கோபுரமாக நின்ற தயிர்ச்சட்டிகள். மூடியில்லாத பால்மாத் தகர ரின்களும், ரின்னில்லாத மூடிகளும். உரப்பைகள். ஆளுக்கொரு கால் குறைந்த பிளாஸ்ரிக் கதிரைகள் ஆறு. அடி ஓட்டையான வாளிகள். மகள் ஐந்தாம் வகுப்பில் ஓடிய சைக்கிள். அதோடு கனடாவிலிருக்கும் மச்சான் ஒவ்வொரு முறை வரும்போதும் கொண்டுவந்து தரும் பனிக்காலக் கோட்டுகள். அந்தக் கோட்டைக் கையில் வாங்கினாலே இந்த ஊர் வெயிலுக்கு வேர்க்கும். நாட்டைவிட்டுப் போன உறவுகள் தங்கள் வீட்டுக் கழிவைக் குறைப்பது எங்களை வைத்துத்தான் என்பது எனக்கு நீண்ட நாளாகவே தெரியும். ஆனாலும் வாங்கி வைப்பேன்.

இதற்கெல்லாம் போர்க்கால இடப்பெயர்வைக் காரணம் சொல்லலாம். திரும்பி வந்தபோது தண்ணீர் அள்ள ஒரு ரின்கூட இல்லாமல் நின்றவனுக்கு ரின்னை எறிய மனம் வருமா என்று உருக்கமாகவே பேசலாம். சனசமூக நிலையத்தில் பேசவும் செய்தேன். ஒரு சிக்கல்தான். ஓடும்போது மனைவியும் என்னோடுதான் ஓடினாள். அவள் தயிர்ச்சட்டி சேர்க்கவில்லை.

ஆக, அறையை வெறுமையாக்க வேண்டும், அதையும் ஒரு கொள்கையோடு செய்ய வேண்டும். வாசலில் மேசை போட்டேன். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் "தேவையானோர் எடுத்துச் செல்லலாம், இலவசம்" என்று கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டேன். ஊருக்கு முன்மாதிரி என்று நினைத்துக்கொண்டு கந்தோர் வேலைக்குப் போனேன்.

பின்னேரம் வந்து பார்த்தால் ஒரு மூடிகூடக் குறையவில்லை. அடுத்த நாளும் அப்படியே. போகிறவர் வருகிறவர் எல்லோரும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, அறிவித்தலைப் பேப்பர் வாசிப்பதுபோல வாசித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் மேசை நிறைந்திருந்தது. நான் வைக்காத ஒரு பழைய ரீவி, இறகில்லாத மின்விசிறி, யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து. சனம் தங்கள் வீட்டில் வேண்டாததையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தது. மழை இருட்டியதால் அவற்றையும் தூக்கி அறைக்குள் வைத்தேன். இப்போது கதவு கால்வாசிதான் திறந்தது.

மனைவி நாள்காட்டியை மட்டும் பார்த்தாள்.

முன்வீட்டுக்காரி வந்தாள். தோட்டம் செய்து, மாடு வளர்த்து, தனியாளாக மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறவள். ஊரின் நாடி அவளுக்குத் தெரியும்.

"அண்ணை, உதில ஒருத்தரும் கை வைக்க மாட்டினம்."

"ஏன் தங்கச்சி? நல்ல சாமான்தானே."

"நல்ல சாமானோ." மூன்று காலில் சாய்ந்து நின்ற கதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, அது கிடக்கட்டும். சும்மா தாறதை எடுக்க நாங்கள் இன்னும் நிவாரண வரிசையிலயோ நிக்கிறம்? ஆராவது கண்டால் என்ன நினைப்பினம்?"

"அப்ப என்னதான் செய்யிறது?"

"இரவல் எண்டு குடுத்துப் பாருங்கோ. இரவல் வாங்கிறதில என்ன வெக்கம்? நான் போன மாசம் கிடங்கு தோண்ட உங்கட மனிசியிட்ட அலவாங்கு வாங்கினனான்."

"திருப்பித் தந்தாச்சோ?"

"இல்லை, அது என்னட்டத்தான் கிடக்கு" என்றாள், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

அந்தப் பதில்தான் என்னைக் கெடுத்தது. இரவல் போன சாமான் திரும்பாது என்று அதை நான் ஒரு விதியாகவே எடுத்துக்கொண்டேன். இத்தனை புத்தகம் வாசித்தவனுக்கு ஓர் அலவாங்கை வைத்து ஊரை அளக்கக்கூடாது என்று தோன்றவில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் நான் பட்ட பாடு ஒரு வியாபாரியும் பட்டிருக்கமாட்டான். கந்தோர் விட்டு வந்ததும் சைக்கிளின் பின்னால் சாமானைக் கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனேன். ஒட்டுவேலை செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், இரும்புக் கதவு, யன்னல் செய்பவர். அவரிடம் கதிரைகளை இறக்கினேன்.

"அண்ணை, உதுக்குக் காலில்லை."

"பரவாயில்லை, இரவல்தானே. ஆறுதலாத் தாங்கோ."

"நான் கேக்கேல்லையே."

"கேக்காட்டி என்ன. தேவைப்படும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதிரைகளை எடுத்து ஓரமாக வைத்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. தயிர்ச்சட்டிகளை முன்வீட்டுக்காரி மிளகாய்க்கன்று போட வாங்கினாள். அக்கராயனில் வயல் செய்கிற சிநேகிதன் கோட்டுகளைக் கொண்டுபோனான், வயலில் பன்றி விரட்டும் வெருளி கட்ட. ரின்களும் போத்தல்களும் ஊறுகாய் போடும் வீடுகளுக்குப் போயின. சைக்கிளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ரீவியையும் மின்விசிறியையும், அவற்றை மேசையில் வைத்தது யார் என்று விசாரித்துக் கண்டுபிடித்து, அவர்களுக்கே இரவல் கொடுத்தேன்.

அறை வெறுமையானது. மனைவி கழுவி, சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, யன்னலுக்குச் சீலை தைத்து மாட்டினாள். மறுநாள் மகள் பேத்தியோடு வந்து இறங்கினாள். கதவு முழுவதும் திறப்பதைப் பார்த்து, "அப்பா, வீடு மாறீட்டியளோ?" என்றாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பேத்தி பிறந்த முப்பத்தோராம் நாள், தீட்டு நீக்கும் துடக்குக் கழிவுக்கு ஊருக்குச் சொன்னோம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நல்ல காரியம் என்றால், அந்த வீட்டுச் சாமானை எவரும் தங்களிடம் வைத்திருக்கமாட்டார்கள். கதிரை, வாளி, சட்டி, பானை எல்லாம் அவர்களுக்குத் தேவைப்படும் அல்லவா. ஒரு வருடமாக மறந்து கிடந்த சாமானும் அன்றைக்கு நினைவு வந்து திரும்பும். இது எனக்குத் தெரியாத வழக்கமில்லை. நானே அப்படி எத்தனையோ வீட்டுக்குக் குத்துவிளக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

இரண்டு நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டது. முதலில் அலவாங்கு வந்தது. பின்னால் தயிர்ச்சட்டிகள், ஒவ்வொன்றிலும் காய்த்த மிளகாய்க்கன்று. பால்மா ரின்கள், வெறுமையாகத் தரக்கூடாதென்று ஒன்றில் உளுந்து, ஒன்றில் பயறு, ஒன்றில் எள்ளு. போத்தல் நிறையத் தேசிக்காய் ஊறுகாய். சைக்கிள் வந்தது, புது ரயரோடு. அக்கராயன் சிநேகிதன் கோட்டுகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தான்.

"நல்லாப் பாவிச்சம், மச்சான். பண்டி கிட்டவும் வரேல்லை."

ஒட்டுவேலைக்காரர் ஆறு கதிரையையும் இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் இரும்புக்கால் பூட்டி, நிறமும் அடித்திருந்தார். நான் ஓர் அறைச் சாமானாகக் கொடுத்தது ஒன்றரை அறைச் சாமானாகத் திரும்பியிருந்தது.

பழக்கதோஷத்தில் இரண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு அறைப்பக்கம் போனேன். மனைவி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். உள்ளே குழந்தை நித்திரை. அதனால் சத்தம் போடாமல் சொன்னாள்.

"இந்தப் படி தாண்டி ஒரு மூடி வந்தாலும், நானும் பிள்ளையளும் வவுனியாவுக்குப் போயிடுவம். பிறகு இரண்டு அறையையும் நீங்களே வச்சிருங்கோ."

சொன்னால் செய்கிறவள். குழந்தையைப் பார்த்தேன். கதிரையைப் பார்த்தேன். எனக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

துடக்குக் கழிவுக்கு வந்தவர்கள் அந்தக் கதிரைகளில்தான் இருந்தார்கள். அடுத்த நாள் ஊறுகாய், உளுந்து வகையறாவை மனைவி குசினிக்கு எடுத்துக்கொண்டாள். மிச்சம் அத்தனையையும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சனசமூக நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே பின்னறை சும்மா கிடந்தது. ஊரில் யாருக்கு என்ன காரியம் என்றாலும் எடுத்துப் பாவித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம், எல்லாம் பொது இரவல் என்று ஏற்பாடு செய்தோம். சனம் எடுக்கிறது, பாவிக்கிறது, திருத்தி வைக்கிறது. இப்படி ஒன்றை ஊரில் தொடக்கி வைத்தவன் என்ற நினைப்பில் ஒரு கிழமை கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன்.

தேத்தண்ணிக் கடையில் ஒட்டுவேலைக்காரரைக் கண்டேன். கதிரைக் கால்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, அவற்றை உண்மையில் ஏன் கொடுத்தேன் என்ற கதையையும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"அப்பிடியோ விசயம். உடைஞ்சதைச் சும்மா திருத்தித் தரச்சொல்லிக் கேக்க வெக்கப்பட்டுத்தான் இரவல் எண்டு தாறியள் எண்டு ஊர் முழுக்கக் கதை. பாவம் எண்டு ஆளாளுக்குத் திருத்தித் தந்தம். பிள்ளைக்கு அறை வேணுமெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணை. ஒரு பின்னேரத்தில வந்து எல்லாத்தையும் வீட்டு முத்தத்தில போட்டுக் கொளுத்தித் தந்திருப்பம்."